இரண்டு ஆன்டாலஜிகளுக்குப் பொருத்தம் பார்ப்பது எப்படி?

சுண்டெலிக்கு முன்னங்கால், மனிதனுக்குக் கை. இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு வடிவங்கள் என்று உயிரியல் படித்தவருக்குத் தெரியும். கணினிக்கு யார் சொல்வது? சுண்டெலியின் மரபணு எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்று சேர்த்து வைத்திருக்கும் தரவை மனித நோய்த் தரவோடு இணைக்க நினைப்பவருக்கு வரும் முதல் தலைவலி இதுதான். இரண்டு பக்கமும் உறுப்புகளை ஒழுங்காக வகைப்படுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காகச் செய்தது.

அப்படி வகைப்படுத்தி வைத்ததைத்தான் ஆன்டாலஜி என்கிறோம். ஒரு துறையில் என்னென்ன இருக்கின்றன, எது எதன் வகை, எது எதன் பகுதி என்பதையெல்லாம் நிரல் படிக்கிற மாதிரி எழுதி வைத்த கோப்பு. தமிழில் இதற்குப் பல கலைச்சொற்கள் உலவுகின்றன. எதுவும் இன்னும் ஊன்றவில்லை என்பதால் ஆன்டாலஜி என்றே எழுதுகிறேன். இரண்டு ஆன்டாலஜிகளை எடுத்துக்கொண்டு இதில் இருக்கும் எது அதில் இருக்கும் எதற்கு ஈடு என்று நிரலே கண்டுபிடிப்பது ஆன்டாலஜி மேட்சிங். அதிலிருந்து கிடைக்கும் ஜோடிப் பட்டியல் அலைன்மென்ட். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயங்கள் இருக்கும்: இந்தப் பக்கத்துப் பொருள், அந்தப் பக்கத்துப் பொருள், இரண்டுக்கும் உள்ள உறவு, அந்த உறவு சரி என்பதில் நிரலுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு 0 முதல் 1 வரை ஒரு எண்.

இந்தக் கட்டுரையைப் படிக்க பைத்தானில் சிறிய நிரல் எழுதத் தெரிந்தால் போதும். தர்க்கவியல் பின்னணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தரவை எங்கே எடுப்பது

சொந்தத் தரவில் தொடங்காதீர்கள். விடைத்தாள் இல்லாத பரீட்சை அது. எழுதியது சரியா தவறா என்றே தெரியாது. இந்தத் துறையில் 2004 முதல் ஓஏஇஐ என்ற மதிப்பீட்டு முயற்சி நடந்து வருகிறது. ஆன்டாலஜி அலைன்மென்ட் எவால்யுவேஷன் இனிஷியேட்டிவ் என்பதன் சுருக்கம். ஆன்டாலஜிகளையும் அவற்றுக்கான விடைகளையும் கொடுத்து, யாருடைய கருவி எவ்வளவு மதிப்பெண் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அதில் அனாட்டமி என்ற பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஜாக்சன் ஆய்வகத்தின் வளர்ந்த சுண்டெலி உடற்கூறு, 2,744 கிளாஸ்கள் (ஆன்டாலஜியில் உள்ள ஒவ்வொரு வகையும் ஒரு கிளாஸ்). மறுபக்கம் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்த மனித உடற்கூறு, 3,304 கிளாஸ்கள். விடைத்தாளில் 1,516 ஜோடிகள்.

இந்த எண்களைக் கொஞ்சம் பாருங்கள். சுண்டெலி பக்கம் கிட்டத்தட்ட 1,200 கிளாஸ்களுக்கு ஜோடியே இல்லை. எல்லோருக்கும் எப்படியாவது ஒரு வரன் பார்த்துவிட வேண்டும் என்று நிற்கும் நிரல் இங்கே தோற்றுவிடும். சுண்டெலியின் வாலுக்கு மனித உடலில் ஈடு தேடினால் கணையத்தின் வால் பகுதி போன்ற ஒன்றில் போய் முட்டிக்கொள்ளும். ஜோடி இல்லை என்று சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் பாதி.

கோப்பைத் திறந்து பாருங்கள்

நிரல் எழுதும் முன் ஸ்டான்ஃபோர்டின் புரொடெஜே மென்பொருளில் இரண்டு கோப்புகளையும் திறந்து ஒரு மணி நேரம் சும்மா மேயுங்கள். நான் இதைச் செய்யாமல் நேராக நிரலில் இறங்கினேன். ஒவ்வொரு கிளாஸின் யூஆர்ஐ முகவரியில் கடைசித் துண்டை எடுத்து ஒப்பிட்டேன். விடை பூஜ்யம். ஒரு ஜோடிகூட வரவில்லை. நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு மாலைப் பொழுது முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால், இந்த இரண்டு ஆன்டாலஜிகளிலும் அந்தக் கடைசித் துண்டு வெறும் குறியீட்டு எண். பெயர் இருப்பது லேபிள் என்ற பண்பில். இணைச்சொற்கள் இன்னும் ஒரு படி உள்ளே ஒளிந்திருக்கும்: கிளாஸ் ஒரு தனிக் கணுவைச் சுட்டும், அந்தக் கணுவின் லேபிளில் சொல் இருக்கும். எது எதன் பகுதி என்பதைச் சொல்லும் உறவுக்கு அன்டிஃபைன்ட் பார்ட் ஆஃப் என்று பெயர். யாரோ கோப்பை மாற்றும்போது விட்டுப்போன எச்சம் போல இருக்கும், ஆனால் அதுதான் அதிகாரபூர்வப் பெயர்.

வேறு ஆன்டாலஜிகளில் நிலைமை தலைகீழாக இருக்கலாம். முகவரியிலேயே பெயர் இருக்கும், லேபிளே இருக்காது. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று: பெயர் எங்கே இருக்கிறது, இணைச்சொல் எங்கே இருக்கிறது, மேல்வகையும் பகுதி உறவும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன.

அப்புறம் பைத்தானில், ஆர்டிஎஃப் வடிவக் கோப்புகளைப் படிக்கும் ஆர்டிஎஃப்லிப் நூலகத்தை வைத்து இரண்டு கோப்புகளையும் இரண்டு அட்டவணைகளாக மாற்றிவிடுங்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு வரி: குறியீடு, பெயர், இணைச்சொற்கள், மேல்வகைகள், எதன் பகுதி. இதன்பிறகு ஆன்டாலஜி என்ற சொல்லே பயமுறுத்தாது. சாதாரண அட்டவணை வேலைதான்.

சொற்களைச் சுத்தம் செய்தல்

எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்குங்கள், அடிக்கோட்டை இடைவெளியாக்குங்கள், ஒட்டி எழுதிய சொற்களைப் பிரியுங்கள், பன்மை விகுதியை எடுங்கள், ரோமன் எண்களைச் சாதாரண எண்ணாக்குங்கள், பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறுபாட்டை ஒன்றாக்குங்கள். இவ்வளவு போதும். கூடுதலாகச் சுத்தம் செய்தால் கெட்டுப்போகும். குறிப்பாக, தேவையற்ற சொற்களை நீக்கும் ஆயத்தப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். மேல், கீழ் என்று இடம் சொல்லும் சொற்கள்கூட சில பட்டியல்களில் நீக்க வேண்டியவையாக இருக்கும். உடற்கூறில் அவைதான் உயிர். மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் லேபிள்கள் உள்ள தரவில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. யூனிகோடில் கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே எழுத்தாக வரலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், நிரலுக்கு வேறு வேறு. என்எஃப்சி என்ற யூனிகோட் ஒழுங்குமுறையில் எல்லாச் சொற்களையும் ஒருமுறை போட்டு எடுத்தால் இது தீரும். ஆனால் ஸ்ரீ தீராது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். என்எஃப்சி இந்த இரண்டையும் ஒன்றாக்காது. நீங்களே ஒரு விதி எழுத வேண்டும்.

முதல் பொருத்தம்: அச்சு அசலாக ஒன்றா?

இப்போது மிக எளிய கேள்வியைக் கேளுங்கள். சுத்தம் செய்த பிறகு இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா? ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் 90,66,176 ஒப்பீடுகள். அது தேவையில்லை. ஒரு பக்கத்துப் பெயர்களை பைத்தானின் டிக்‌ஷனரியில் போட்டுவிட்டு மறுபக்கத்துப் பெயர்களை அதில் தேடினால் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதன் பலன் என்ன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஓஏஇஐயில் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் எளிய சொல் பொருத்தக் கருவி 946 ஜோடிகளைச் சொல்கிறது. அதில் 943 சரி. சொன்னதில் எத்தனை பங்கு சரி என்பதை பிரிசிஷன் என்பார்கள், இங்கே 0.997. இருக்கும் விடைகளில் எத்தனை பங்கைப் பிடித்தோம் என்பது ரீகால், இங்கே 0.622. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் எஃப் மதிப்பு 0.766. உங்கள் நிரலுக்கும் இதன் பக்கத்தில் ஓர் எண் வரவேண்டும். மிகவும் தள்ளி வந்தால் பெயரை எடுத்த இடத்திலோ சுத்தம் செய்த இடத்திலோ தவறு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனி செய்யப்போவது எல்லாமே மிச்சம் இருக்கும் 573 ஜோடிகளைப் பிடிக்கத்தான். அந்த 573ஐ ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் பேனாவோடு படியுங்கள். ஒவ்வொன்றும் ஏன் தப்பியது என்று பக்கத்தில் குறியுங்கள்: இணைச்சொல், சொல் வரிசை, எழுத்துக்கூட்டல், முற்றிலும் வேறு சொல். எந்தக் காரணம் அதிகம் வருகிறதோ அதற்கு முதலில் மருந்து தேடுங்கள். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேராக நியூரல் நெட்வொர்க்குக்குப் போய்விடுகிறார்கள். எதைச் சரிசெய்கிறோம் என்று தெரியாமலே மாதக்கணக்கில் எண்களைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஏறக்குறைய ஒன்று

முதல் மருந்து, இணைச்சொற்களையும் டிக்‌ஷனரியில் சேர்ப்பது. பெயருக்குப் பெயர் பொருந்தினால் நம்பிக்கை 1 என்றால், பெயருக்கு இணைச்சொல் பொருந்தும்போது கொஞ்சம் குறைவு, இணைச்சொல்லுக்கு இணைச்சொல் என்றால் இன்னும் குறைவு.

அடுத்தது எழுத்து வேறுபாட்டை அளப்பது. லெவன்ஷ்டைன் 1965இல் சொன்ன தூரம் இதில் பிரபலம். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. எழுத்துப் பிழைக்கு நல்ல மருந்து, உடற்கூறுக்கு ஆபத்தான மருந்து. இடுப்பெலும்பின் மேல்பகுதிக்கும் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துப் பெயர்கள், நடு எழுத்து மட்டும் வேறு. தமிழில் ஒலிபெயர்த்தால் அந்த வேறுபாடும் மறைந்து இரண்டும் இலியம் ஆகிவிடும். ஓர் எழுத்துத் தூரத்தில் எலும்பும் குடலும் ஒன்றாகின்றன. காதுக்குள் இருக்கும் மேலியஸ், கணுக்காலில் இருக்கும் மேலியோலஸ் இரண்டுக்கும் தூரம் 2தான். அதனால் இந்த அளவை வைத்து மட்டும் எந்த ஜோடியையும் ஏற்காதீர்கள். வேறு ஒரு சாட்சியும் வேண்டும்.

பல சொற்கள் சேர்ந்த பெயர்களுக்கு எழுத்தைவிட சொல்லை அலகாக எடுப்பது மேல். எத்தனை சொற்கள் பொதுவாக இருக்கின்றன என்று பாருங்கள், ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுக்காதீர்கள். தசை, நாளம், எலும்பு போன்றவை நூற்றுக்கணக்கான பெயர்களில் வரும். அவை பொருந்தியதில் பெரிய செய்தி இல்லை. அரிய சொல் பொருந்தினால்தான் செய்தி. டிஎஃப் ஐடிஎஃப் என்ற பழைய எடைமுறை இதற்கு அருமையாக வேலை செய்யும்.

மூன்றாமவரைக் கேட்பது

முன்னங்காலும் கையும் எந்த எழுத்து அளவிலும் சேராது. அந்த அறிவு இரண்டு கோப்புகளிலுமே இல்லை. வெளியே இருந்துதான் கொண்டுவர வேண்டும். உடற்கூறில் இதற்கு ஊபெரான் இருக்கிறது, பல விலங்கினங்களுக்கும் பொதுவான உறுப்பு ஆன்டாலஜி. மருத்துவச் சொற்களுக்கு அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் யூஎம்எல்எஸ். பொதுச் சொற்களுக்கு பிரின்ஸ்டனில் உருவான வேர்ட்நெட். உங்கள் இரண்டு கிளாஸ்களும் ஊபெரானில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தால் அது வலுவான சாட்சி.

சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான அக்ரிமென்ட்மேக்கரின் வழிவந்த கருவி அக்ரிமென்ட்மேக்கர்லைட். அது இப்படி வெளி அறிவைப் பயன்படுத்தி அனாட்டமி பிரிவில் எஃப் மதிப்பு 0.94 அளவுக்குப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த லாக்மேப் 0.88 அளவில் நிற்கிறது. இரண்டும் ஜாவாவில் எழுதியவை, இலவசம். உங்கள் சொந்த நிரல் ஓரளவு ஓடத் தொடங்கியதும் இவற்றையும் அதே தரவில் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்காத எந்த ஜோடி அவற்றுக்குக் கிடைத்தது என்று பார்ப்பது நல்ல வாத்தியார்.

அக்கம்பக்கத்தையும் கேட்கலாம். இரண்டு கிளாஸ்களின் மேல்வகைகள் ஏற்கெனவே பொருந்தியிருந்தால் இவையும் பொருந்த வாய்ப்பு அதிகம். 2002இல் வந்த சிமிலாரிட்டி ஃப்ளடிங் என்ற முறை இந்த எண்ணத்தை முழுக் கணக்காகவே ஆக்கியது: ஒரு ஜோடியின் ஒற்றுமை பக்கத்து ஜோடிகளுக்கும் கசிந்து பரவும். என் அனுபவத்தில் அக்கம்பக்கம் புது ஜோடி கண்டுபிடிப்பதைவிடத் தவறான ஜோடியைக் கழிக்கத்தான் உதவுகிறது. ஒரு இலியம் எலும்புகளின் கீழ் இருக்கிறது, இன்னொன்று குடலின் பகுதியாக இருக்கிறது. எழுத்து ஏமாற்றினாலும் குடும்பம் காட்டிக்கொடுத்துவிடும்.

மொழி மாதிரிகள்

சரி, இவ்வளவும் எதற்கு, பெரிய மொழி மாதிரியிடம் கொடுத்தால் போதாதா? போதாது, ஆனால் உதவும். 2022இல் வந்த பெர்ட்மேப் என்ற கருவி காட்டிய வழி நல்ல முன்னுதாரணம். ஆன்டாலஜிகளில் இருக்கும் இணைச்சொற்களை வைத்தே மாதிரிக்குப் பயிற்சி கொடுத்து, வரும் ஜோடிகளை அமைப்பையும் தர்க்கத்தையும் வைத்துத் திருத்துவது. நீங்கள் எளிதாகச் செய்யக்கூடியது இது: ஒவ்வொரு பெயரையும் எம்பெடிங் ஆக்கி, அதாவது பொருளைக் காட்டும் எண்களின் வரிசையாக மாற்றி, மறுபக்கத்தில் மிக நெருங்கிய பத்துப் பெயர்களை மட்டும் எடுங்கள். 90 லட்சம் ஒப்பீடு 27 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கும். அந்தச் சிலவற்றில் உண்மையிலேயே குழப்பமானவற்றை மட்டும், மேல்வகையையும் இணைச்சொற்களையும் சேர்த்து, மாதிரியிடம் ஆமா இல்லையா என்று கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஓஏஇஐ விடைத்தாள்கள் பல ஆண்டுகளாக இணையத்தில் இருக்கின்றன. மாதிரி அவற்றைப் படித்தே வளர்ந்திருக்கலாம். அனாட்டமியில் அது எடுக்கும் மதிப்பெண்ணை நம்பி உங்கள் நிறுவனத்தின் தரவில் இறக்கிவிடாதீர்கள்.

தேர்ந்தெடுப்பதும் சரிபார்ப்பதும்

இப்போது கையில் நம்பிக்கை எண்ணோடு ஒரு நீளமான பட்டியல் இருக்கும். ஒருவருக்கு மூன்று வரன் வந்திருக்கும். எளிய வழி: பட்டியலை நம்பிக்கை எண்ணின் இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். இரண்டில் ஒன்று ஏற்கெனவே எடுபட்டிருந்தால் விட்டுவிடுங்கள், குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். மொத்த எடை அதிகமாகும்படி ஜோடி சேர்க்க 1955இல் கூன் வெளியிட்ட ஹங்கேரியன் அல்காரிதம் இருக்கிறது. முதல் முயற்சிக்கு அது தேவைப்படாது.

அடுத்து தர்க்கச் சோதனை. புதியவர்கள் விட்டுவிடும் படி இது. கருத்தரங்குகள் பற்றிய இரண்டு ஆன்டாலஜிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ரிவ்யூ இருக்கிறது, அது ஆவணம். மற்றதில் ரிவ்யூவர் இருக்கிறார், அவர் மனிதர். எழுத்து ஒற்றுமை பார்த்து நிரல் இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டது. ஆவணமும் மனிதரும் ஒருபோதும் ஒன்றாக முடியாது என்று ஆன்டாலஜியில் எழுதியிருந்தால், இரண்டையும் அலைன்மென்ட்டோடு சேர்த்து ஹெர்மிட் போன்ற ரீசனரில், அதாவது எழுதியவற்றிலிருந்து தர்க்கப்படி முடிவெடுக்கும் மென்பொருளில், ஓட்டும்போது அப்படி ஜோடியான கிளாஸில் எதுவுமே இருக்க முடியாது என்று அது சொல்லிவிடும். அப்போது அந்த முரணுக்குக் காரணமான ஜோடிகளில் நம்பிக்கை குறைந்ததை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். லாக்மேப் இந்தப் பழுதுபார்க்கும் வேலையைத் தானே செய்யும். ஒன்றோடொன்று சேராதவை எவை என்று ஆன்டாலஜியில் எழுதியே வைக்காவிட்டால் ரீசனருக்கு முரண் எதுவும் கண்ணில் படாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தரவுக்கு வரும்போது விடைத்தாளை நீங்கள்தான் செய்ய வேண்டும். நிரலைத் தொடும் முன்பே துறை தெரிந்த இருவரை உட்காரவைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் எதேச்சையாக எடுத்த நூறு நூற்றைம்பது கிளாஸ்களுக்குத் தனித்தனியாக ஜோடி எழுதச் சொல்லுங்கள். ஜோடி இல்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இருவரும் எங்கே முரண்படுகிறார்களோ அங்கே நிரலும் திணறும். அதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. நிரல் ஓடிய பிறகு, நம்பிக்கை மிக அதிகமானவற்றில் சிலவற்றை மட்டும் சோதித்துவிட்டு ஏற்கலாம், நடுவில் இருப்பதை முழுக்க மனிதக் கண் பார்க்க வேண்டும், கீழே இருப்பதை விட்டுவிடலாம்.

சேமிக்கும்போது

எல்லா ஜோடிக்கும் சமம் என்று எழுதிவிடாதீர்கள். சொற்களஞ்சியங்களுக்கான ஸ்காஸ் தரத்தில் முற்றிலும் ஒன்று, கிட்டத்தட்ட ஒன்று, அதைவிட அகன்றது, அதைவிடக் குறுகியது, ஏதோ தொடர்புண்டு என்று ஐந்து உறவுகள் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் கிட்டத்தட்ட ஒன்று என்பதோடு நில்லுங்கள். சமம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் ரீசனர் அதைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போகும். கோப்பு வடிவத்துக்கு, 2022இல் கட்டுரையாக வெளிவந்த எஸ்எஸ்எஸ்ஓஎம் என் தேர்வு. சாதாரண அட்டவணைதான், எக்செலில்கூடத் திறக்கும். எந்த ஜோடி எந்த வழியில் வந்தது, யார் சரிபார்த்தார், எந்தப் பதிப்பு ஆன்டாலஜி என்பதற்கெல்லாம் அதில் நெடுவரிசை உண்டு. ஓஏஇஐ கேட்பது ஆர்டிஎஃப் அடிப்படையிலான பழைய அலைன்மென்ட் வடிவம், அதை நிரல் வழியாக உருவாக்கிக்கொள்ளலாம். மன்ஹைம் பல்கலைக்கழகத்தின் மெல்ட் கருவிப்பெட்டி மதிப்பீட்டையும் சேர்த்துச் செய்துதரும்.

அனாட்டமி முடிந்ததும் கான்ஃபரன்ஸ் பிரிவுக்குப் போங்கள். விடை உள்ள 7 சிறிய ஆன்டாலஜிகள், 21 இணைகள், எல்லாம் கருத்தரங்கு நடத்துவது பற்றியவை. சிஎம்டி, கான்ஃபரன்ஸ் என்ற இரண்டை முதலில் எடுங்கள். சிஎம்டியில் இருக்கும் கான்ஃபரன்ஸ் கிளாஸுக்கு உங்கள் நிரல் மறுபக்கத்தில் அதே பெயருள்ள கிளாஸைச் சொல்லும். விடைத்தாளில் இருப்பது கான்ஃபரன்ஸ் வால்யூம். ஏன் என்று பெயரைப் பார்த்தால் தெரியாது, ஒவ்வொரு கிளாஸோடும் என்னென்ன பண்புகள் சேர்ந்திருக்கின்றன என்று புரொடெஜேயில் திறந்து பாருங்கள்.